கொல்லையில் என்ன போடுவது, விதையை எப்படிக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் பத்துக் குழிக் கொல்லை. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்தக் கணக்கில் பத்துக் குழி என்பது மூன்றேகால் சென்ட். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியாரோடு சேர்ந்து இதில்தான் கை நனைத்தேன். அத்தை இப்போது இல்லை, அவர் வைத்துப்போன விதைகளில் பாதிக்கு மேல் இருக்கின்றன. ஆனி பிறந்ததும் யாராவது விதை கேட்டு வருவார்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் இவைதான்.

கொல்லை சின்னது. எதைப் போடுவது, எதை விடுவது?

முதலில் ஒரு வாரம் உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று பாருங்கள். கடைக்குப் போய்ப் பத்துப் பாக்கெட் வாங்கி வந்து எல்லாவற்றையும் ஊன்றுகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் யாரும் தொடாத கொத்தவரங்காய் ஒரு பாத்தி முழுக்கக் காய்த்து முற்றும், பிள்ளைகள் கேட்கும் வெண்டைக்காய் நான்கு செடிதான் இருக்கும்.

என் அத்தையின் கணக்கு வேறு மாதிரி. அவர் தை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். மார்கழித் திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு வேண்டும், பொங்கலுக்குப் பரங்கி, அவரை, மொச்சை, கிழங்கு, வாழைக்காய் எல்லாம் வேண்டும், பானையில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டும். அப்படியானால் மஞ்சளை வைகாசியிலேயே ஊன்ற வேண்டும். பரங்கியை ஆடிப் பதினெட்டுக்குள் ஊன்றினால் பெருமழைக்கு முன் பிஞ்சு பிடித்துவிடும். கார்த்திகையில் பறித்துப் பரணில் வைத்தால் பொங்கல் வரை கெடாது. அவரையும் மொச்சையும் ஆடியில் போட்டால் மார்கழியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இந்த இரண்டு பண்டிகையை வைத்து யோசித்தாலே கொல்லையில் பாதி இடம் நிரம்பிவிடும். மிச்ச இடத்தில் தினசரிக் குழம்புக்குக் கத்தரி, வெண்டை, மிளகாய், இரண்டு வகைக் கீரை.

இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தடவை மட்டும் காய்ப்பவற்றை விடலாம். முட்டைக்கோசும் காலிஃபிளவரும் நம் ஊர் வெயிலுக்குச் சரியாக வராது, வந்தாலும் விதை எடுக்க முடியாது. அதற்கு நல்ல குளிர் வேண்டும். அவற்றைச் சந்தையில் வாங்கிக்கொள்வதே மேல்.

ஆடிப்பட்டத்தில்தான் விதைக்க வேண்டுமா? தையில் போட்டால் என்ன?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் தேட வேண்டும் என்பதுதான் கேள்வி. அவரையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

நாட்டுக் கொடி அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் நான்கு மாதம் கொடி ஓடி, பந்தலை மூடி, பகல் சுருங்கும் கார்த்திகை, மார்கழியில் பூ எடுக்கும். மாசி வரை காய் பறிக்கலாம். அதே விதையைத் தையில் போட்டால் அது வளர்ந்து நிற்பதற்குள் பகல் நீண்டுவிடும். இலை செழிக்கும், பூ வராது. ஒரு வருஷம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து, "அக்கா, நீங்க கொடுத்த அவரை மலடு" என்று சண்டைக்கே நின்றாள். மாசியில் ஊன்றியிருக்கிறாள். அதை வெட்டாதே, மார்கழி வரை தண்ணீர் விடு என்றேன். பொறுமை இல்லாமல் வெட்டிவிட்டாள். குத்து அவரை என்று விற்கும் குட்டை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்தப் பட்டத்திலும் காய்க்கும்.

தைப்பட்டத்துக்கு வெண்டை, கத்தரி, கொத்தவரை, வெள்ளரி, கீரை எல்லாம் நன்றாக வரும். ஆனால் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்கு மேல் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது, கிணறோ அடிபம்போதான். அதனால் தையில் போடுவதைக் குளிக்கிற இடம், பாத்திரம் கழுவுகிற இடம் இவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. என்ன செய்வது?

நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. பழைய டெல்டாவின் களிமண்ணில் அது லேசில் இறங்காது. தக்காளியும் மிளகாயும் இரண்டு நாள் வேர் மூழ்கினால் வாடிவிடும். அவற்றை முழங்கால் உயர மேட்டுப்பாத்தியில் வையுங்கள். இடமில்லை என்றால் பழைய சிமென்ட் தொட்டியில் வைக்கலாம். பள்ளமான மூலையில் சேம்பும் வாழையும் இருக்கட்டும், அவற்றுக்கு ஈரம் பிடிக்கும்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்துச் செம்மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மழை விட்ட பத்தாம் நாளே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். வேதாரண்யம் போன்ற கடலோர மணலில் முருங்கை அருமையாக வரும். உப்புத் தண்ணீர் ஏறிய இடத்தில் பீன்ஸ், முள்ளங்கி வேண்டாம். கொத்தவரை ஓரளவு தாங்கும்.

கடைப் பாக்கெட் விதையில் வந்த காயிலிருந்து விதை எடுக்கலாமா?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எஃப்-1 என்றோ, ஹைப்ரிட் என்றோ, வீரிய ஒட்டு என்றோ போட்டிருந்தால் அது இரண்டு வெவ்வேறு பெற்றோரைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. அது மட்டும் ஒரே சீராகக் காய்க்கும். அதன் விதை முளைக்கத்தான் செய்யும். முளைக்காது என்று சொல்வது தவறு. ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒரு செடி உருண்டை, ஒரு செடி நீளம், ஒரு செடி காயே இல்லை. விளையாட்டாகப் போட்டுப் பார்க்கலாம், அதை நம்பி அடுப்பில் உலை வைக்க முடியாது.

நாட்டு ரகம், வேளாண் பல்கலைக்கழகம் ஒட்டு இல்லாமல் வெளியிட்ட ரகம் இரண்டிலும் தாராளமாக எடுக்கலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 செடிமுருங்கையை விதை போட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் முருங்கையில் தேனீ அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும், தாயைப் போலவே வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. பழைய மரமுருங்கைக்கு இந்தக் கவலை இல்லை. போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் அதே மரம்.

புதிதாக ஆரம்பிப்பவர் எந்த விதையில் தொடங்கலாம்?

அவரை, காராமணி, கொத்தவரை, தக்காளி. இவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடுபவை. இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தாலும் அதிகம் கலக்காது. கத்தரி, மிளகாய், வெண்டை இவையும் அதே மாதிரிதான் என்றாலும் தேனீ வந்து போகும், கொஞ்சம் கலக்கும். பக்கத்து வீட்டில் வேறு கத்தரி இருந்தால், விதைக்கு வைத்த கிளையின் மொட்டுகளைப் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மூடிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் ஒரு நூல் கட்டிவையுங்கள்.

தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் காற்றில் மகரந்தம் பறப்பவை. ஒரு பட்டத்தில் ஒரு கீரையை மட்டும் பூக்க விடுங்கள், மற்றதைப் பூக்கும் முன் பறித்துவிடுங்கள். ஒரே ஒரு செடியில் எடுக்காமல் இருபது செடியாவது விட்டு எடுத்தால் வம்சம் மெலியாது. கீரை விதைக்கும்போது எறும்பு இழுத்துக்கொண்டு போகிறது என்று பலர் சொல்கிறார்கள். மணலோடு ஒரு கைப்பிடி நொய் கலந்து தூவினால் எறும்பு நொய்யைத் தூக்கும், விதை தப்பும்.

போன வருஷம் நானே எடுத்த சுரை விதை. இந்த வருஷம் காய் கசக்கிறது. ஏன்?

இது அடிக்கடி வரும் கேள்வி, கவனமாகக் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. முதலில், கசக்கும் சுரைக்காயைச் சாப்பிடாதீர்கள். சமைத்தாலும் சரி, சாறாகவும் சரி, வேண்டாம். அந்தக் கசப்பு விஷம். வாந்தி, பேதி, இரத்த வாந்தி வரை கொண்டுபோகும். வெட்டியதும் நாக்கு நுனியில் ஒரு துண்டு வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

சரி, ஏன் கசந்தது? போன வருஷம் உங்கள் கொடியில் நல்ல காய்தான் இருந்திருக்கும். ஆனால் வேலியோரம் எங்கோ கசப்புச் சுரை பூத்து, அதன் மகரந்தம் உங்கள் பெண்பூவுக்கு வந்திருக்க வேண்டும். காயின் சதை தாய்க்கொடியுடையது, அதனால் அந்த வருஷம் ருசி மாறவில்லை. உள்ளே இருந்த விதை கலப்பு. இந்த வருஷம்தான் அது வெளியே தெரிகிறது. அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிட்டு, அந்த விதை மொத்தத்தையும் அடுப்பில் போடுங்கள்.

கொடிக்காய் எல்லாவற்றிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். கலக்காமல் விதை வேண்டுமென்றால் நாமே சேர்க்க வேண்டும். எது எப்போது விரியும் என்று தெரிந்தால் போதும். பரங்கியும் பாகலும் விடியலில் விரியும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம், புடலை இருட்டிய பிறகு. விரிவதற்குச் சில மணி நேரம் முன்னால், அடுத்து மலரும் என்று தெரிகிற ஆண்மொட்டு, பெண்மொட்டு இரண்டின் நுனியையும் நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். விரியும் நேரம் வந்ததும் நூலை அவிழ்த்து, ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் தடவுங்கள். அப்புறம் பெண்பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். கூடுமானவரை வேறு கொடியின் ஆண்பூவாக இருக்கட்டும். புடலைக்காக நான் இராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு பந்தலுக்குக் கீழே நிற்பதைப் பார்த்து எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை.

புடலையும் பாகலும் கலக்குமா என்று கேட்பார்கள். கலக்காது, வேறு வேறு இனம். பரங்கியும் பூசணியும் கலக்காது. (நாங்கள் பரங்கி என்பதை வடக்கே மஞ்சள் பூசணி என்கிறார்கள். எங்களுக்குப் பூசணி என்றால் வெண்பூசணி, திருஷ்டிக்குக் கட்டுவது.) ஒரே இனத்தின் இரண்டு ரகம்தான் கலக்கும்.

எந்தக் காயை விதைக்கு விடுவது?

பறிக்க மறந்துபோன காயை விதையாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நல்லதெல்லாம் குழம்புக்குப் போய்விடும், கடைசியில் செடி ஓய்ந்தபோது காய்த்த கோணல் காய் விதைக்கு மிஞ்சும். நான்கு வருஷம் இப்படிப் போனால் காய் சிறுத்துவிடும். அப்போது "நாட்டு விதை இப்படித்தான்" என்று பழியை விதை மேல் போடுவோம்.

காயைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள். தேமல் விழாத, பூச்சி அதிகம் அண்டாத, நம் தண்ணீருக்கும் மழைக்கும் நின்ற செடி எது? அதில் பழைய புடவைக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிடுங்கள். கட்டிய செடியில் யாரும் காய் பறிக்கக் கூடாது. என் பேத்தி இரண்டு முறை பறித்துவிட்டாள், அது வேறு கதை. வெண்டையில் மூன்றாவது, நான்காவது காயை விடுங்கள். காராமணியில் தேமல் விழுந்த செடியைத் தொடவே வேண்டாம், அந்த நோய் விதை வழியாகவே அடுத்த வருஷத்துக்கு வரும்.

விதையை எப்படி எடுப்பது, எப்படிக் காயவைப்பது?

கத்தரிக்காய் மஞ்சளாகி மெத்தென்று ஆகும் வரை செடியிலேயே இருக்கட்டும். பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும். தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். அதைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவுங்கள். நம் ஊர் வெக்கையில் மூன்று நாள் விட்டால் கிண்ணத்திலேயே முளை கட்டிவிடும். பாகல், புடலை பழுத்து வெடிக்கும் தறுவாயில் எடுத்து, சிவப்புச் சதையைக் கழுவிவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பரங்கியைப் பறித்து மூன்று வாரம் வைத்திருந்து பிறகு வெட்டினால் விதை நன்றாக முற்றியிருக்கும். அவரை நெற்றைக் கொடியிலேயே காயவிட்டு, மழை வரும்போலிருந்தால் கொடியோடு அறுத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள்.

காயவைப்பதற்குக் காலை வெயில், மாலை வெயில் நல்லது. உச்சி வெயிலும் சூடேறிய சிமென்ட் தரையும் தகரமும் வேண்டாம். முறத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிய ஒரே சோதனை போதும்: அவரை விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது, பரங்கி விதையை மடித்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும்.

எதில் வைப்பது? வண்டு வந்துவிடுகிறதே?

அந்தக் காலத்தில் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள். பரங்கி, பாகல் விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வறட்டியாகத் தட்டுவார்கள். கீரை விதை சுரைக்குடுக்கையில், விதைக்கு விட்ட பீர்க்கங்காய் அடுப்புக்கு மேலே உறியில், புகை படும்படி. இதையெல்லாம் பார்த்து நான் கண் கலங்குவதில்லை. விறகடுப்பு போன பிறகு அந்த உறிக்கு வேலை இல்லை. எரிவாயு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை வராது, ஆவிதான் வரும், விதையில் பூஞ்சணம் பூத்துவிடும்.

விதைக்கு எமன் ஈரமும் சூடும். நன்றாகக் காய்ந்த விதையை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிச் சீசாவில் வையுங்கள். அடியில் ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசி. அரிசியை வறுத்து மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு முடிய வேண்டும், திறந்து ஆறவிட்டால் அது காற்றின் ஈரத்தை முதலிலேயே குடித்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள், சீசா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே வியர்க்காது.

பயறு வண்டு சீசாவுக்குள் வெளியிலிருந்து வருவதில்லை. கொல்லையிலேயே நெற்றின் மேல் முட்டை இட்டு, விதைக்குள் புழுவாக வீட்டுக்கு வருகிறது. அதனால் வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடினாலும் உள்ளே இருப்பது உள்ளேயே தின்னும். ஒரு கிலோ அவரைக்கு ஒரு தேக்கரண்டி அளவு வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ புரட்டி வைத்தால் புது முட்டை பிடிக்காது. நன்றாகக் காய்ந்த விதையென்றால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுப்பது இன்னும் சுலபம். ஈர விதையை ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்.

அத்தை ஒவ்வொரு அமாவாசைக்கும் விதைகளை வெளியே எடுத்து வெயில் காட்டுவார். அமாவாசைக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை மறக்காமல் பார்க்க அதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

வெங்காய விதை ஒரு வருஷம். வெண்டை, அவரை, மிளகாய் இரண்டு வருஷம். தக்காளி, கத்தரி, கொடிக்காய்கள் மூன்று, நான்கு. நம் காற்றின் ஈரத்துக்கு இதுவே தாராளக் கணக்கு.

சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஏழு முளைத்தால் தைரியமாகப் போடலாம். நாலுதான் என்றால் குழிக்கு இரண்டு மடங்கு ஊன்றுங்கள். ஆடியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிறோமே, அதுவும் இதே வேலைதான். யார் வீட்டுப் பயறு நன்றாக முளைத்தது என்று ஊரே பார்த்துவிடும். சென்ற தடவை என் பயறு பொய்த்தது, மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை.

மாடித்தோட்டத்தில் விதை எடுக்க முடியுமா?

முடியும். தக்காளி, மிளகாய், காராமணிக்கு நான்கைந்து தொட்டி போதும். கொடிக்காய்க்கு ஆசைப்படாதீர்கள்.

விதையை மற்றவர்களுக்குக் கொடுப்பது, விற்பது சட்டப்படி தவறா?

தவறில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயரும் முத்திரையும் போட்ட பாக்கெட் விதையாக விற்பதுதான் கூடாது.

விதை அழிந்துவிட்டால் திரும்ப எங்கே கிடைக்கும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறியபோது எங்கள் கொட்டில் கூரை போனது. பரணில் இருந்த சீசாக்கள் உடைந்து, அவரையும் பீர்க்கும் புடலையும் மழையில் ஊறி நாறிவிட்டன. அத்தை வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து இருந்த ஊதாக் கரை அவரை அதில்தான் இருந்தது. பந்தலில் நின்ற கொடியும் பிய்ந்து போயிற்று. அந்த வருஷம் பொங்கலுக்குச் சந்தை அவரை.

அத்தை விதையைச் சும்மா கொடுக்க மாட்டார், காசுக்கும் கொடுக்க மாட்டார். ஒரு பிடி வாங்கினால் அடுத்த மாசியில் இரண்டு பிடி கொண்டுவந்து காட்ட வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லுக்கு இதே வழியைத்தான் வைத்திருந்தார்: இரண்டு கிலோ விதைநெல் வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2006-இல் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவில் அப்படித்தான் அந்த நெல்லெல்லாம் ஊர் ஊராகப் போயிற்று. ஒரே வீட்டில் பூட்டி வைத்த விதைக்கு ஒரு புயல் போதும்.

எங்கள் அவரையை வாங்கிப் போனவர்களை நினைவிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தோம். இருவர் கொல்லையில் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டார்கள். ஒருவர் தின்று தீர்த்துவிட்டார். வலங்கைமானில் என் நாத்தனாரின் சம்பந்தி வீட்டில் மட்டும் கோழிக்கூண்டுக் கூரை மேல் அது பாட்டுக்குப் படர்ந்திருந்தது. மாசியில் போனேன். அந்த அம்மா ஒரு பிடி நெற்றைப் புடவைத் தலைப்பில் கொட்டிவிட்டு, "அடுத்த மாசிக்கு இரண்டு பிடி, மறந்துடாதே" என்றார்.